ரெண்டு உதை

வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருக்கிறாள் மதிவதனி. நாற்பதைத் தாண்டியவள். பிறந்த வீடு அடி அண்ணாமலை. கழனிக் கிணற்றில் நீச்சல் பழகியது. போன வருஷம் அரசு ஊழியர் விளையாட்டுப் போட்டியில் பட்டர்ஃப்ளை நீச்சலுக்கு ஆள் இல்லை என்றார்கள். நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுக்கும் விமல்ராஜிடம் அவசரமாகக் கற்றுக்கொண்டு இறங்கினாள். எதிர்க்கரையைத் தொட்டு நிமிர்ந்தபோது நடுவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். செல்லாது. ஏன் என்று கேட்டதற்கு, "கால் தப்பும்மா" என்று போய்விட்டார்.

என்ன தப்பு? யாரும் சொல்லவில்லை. பக்கத்து சீட் மூர்த்தி மட்டும் அதை விடுவதாயில்லை.

"மேடம், இந்த வருஷமும் பேர் குடுத்திருக்கீங்களாமே? காலைப் பாத்து வைங்க."

ஞாயிற்றுக்கிழமை போட்டி. மெடல் வேண்டாம். செல்லும் என்று ஒரு ஆள் சொன்னால் போதும் அவளுக்கு.

விமல்ராஜ் அவளைவிடப் பதினைந்து வயசாவது சின்னவன். கரையில் நின்று பார்த்தால் அவனுக்குத் தண்ணீர் தெறிப்பதுதான் தெரிந்தது.

"ஒரு கை வீச்சுக்கு ரெண்டு உதைக்கா. அவ்ளோதான்."

"ரெண்டுதான் தம்பி உதைக்கிறேன்."

"அப்ப ஏன் உடம்பு ஆடுது?"

அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. கடைசியில் அவன்தான், அடியிலிருந்து வீடியோ எடுத்துப் பார்த்துவிடலாம் என்றான். தண்ணீர் புகாத உறையில் போனைப் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்கியவர் அவள் கணவர் செழியன். நீச்சல் தெரியாது. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தண்ணீருக்குள் விட்டார். முதல் வீடியோவில் அவருடைய தொப்பைதான் வந்தது.

"ஏங்க, நானா போட்டிக்குப் போறேன், உங்க தொப்பையா?"

இரண்டாவதில் மதிவதனி வந்தாள். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"நாலு காலு இருக்குதே!" என்றார் செழியன்.

"மேல இருக்கிறது நிழல் சார். தண்ணி மட்டம் அடியிலேர்ந்து கண்ணாடி மாதிரி தெரியும்" என்றான் விமல்ராஜ். பிறகு மெதுவாக ஓட்டினான். நிழலை விட்டுவிட்டுக் காலை மட்டும் பார்ப்பது லேசாக இல்லை. மறுபடி ஓட்டினான். அவன் முகம் மாறியது.

"அக்கா, என்னக்கா இது? இடது ஒண்ணு, வலது ஒண்ணு போவுது!"

"ஆமா, ரெண்டு உதை. நீதானப்பா சொன்ன?"

"ரெண்டு காலும் சேந்து ரெண்டு தடவைக்கா!"

மதிவதனி போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"காலுக்கு ஒண்ணுன்னுல்ல நான் நெனச்சேன்?"

செழியன் சிரித்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னதும் சரிதான், அவள் செய்ததும் அவன் சொன்னதைத்தான். யார்மேல் கோபப்படுவது?

தெரிந்துவிட்டதே தவிர, கால் கேட்கவில்லை. காலைச் சேர்த்தால் கை நின்றது. கையை வீசினால் கால் பழையபடி கிணற்றுக்குப் போனது. கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு உதைத்துப் பார்த்தாள். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியாமல் பருப்பு அடிப்பிடித்தது. சனிக்கிழமை எடுத்த வீடியோவில் ஒரு வீச்சுக்குக் கால் சேர்ந்திருந்தது, அடுத்ததற்குப் பிரிந்திருந்தது. எப்போது சேர்கிறது, எப்போது பிரிகிறது என்று தண்ணீருக்குள் இருக்கும்போது அவளுக்குத் தெரியவே இல்லை. சேர்ந்திருப்பதாகத்தான் எப்போதும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதியதும் குதித்தாள். பாதியில் உதைக் கணக்கு விட்டுப்போயிற்று. மூச்சு முட்டியது. இரண்டு பேர் முன்னாலேயே போய்விட்டார்கள். சுவரைத் தொட்டதும் முதலில் நடுவரின் கையைத்தான் தேடினாள். அது அவர் இடுப்பில் இருந்தது.

நம்பாமல் தண்ணீரில் இருந்தபடியே கேட்டாள்.

"சார், கால்?"

"காலுக்கு என்னம்மா?"

"செல்லுங்களா?"

"செல்லும், செல்லும். மூணாவது நீங்க. மேல ஏறுங்க, அடுத்தவங்க குதிக்கணும்."

செழியன் துண்டோடு ஓடி வந்தார்.

"சேத்துட்டியா காலை?"

"தெரியலீங்க" என்றாள் மதிவதனி, துண்டை வாங்கித் தலையைத் துவட்டியபடி. "எப்பிடி வந்தேன்னே தெரியல. நீங்க வேற அந்த நடுவர்கிட்ட போய்க் கேட்டுத் தொலைக்காதீங்க."