ஏழு சஹனும் ஒராளும்

வாசலில் கிடக்கும் செருப்புகளை ஸம்ஸியா ராத்தா எண்ணிக்கொண்டு வருகிறார். குனிவதில்லை. கால் பெருவிரலால் ஒவ்வொரு சோடியையும் மெல்லத் தொட்டு நகர்கிறார். உதடு மட்டும் அசைகிறது. கடைசிச் சோடிக்கு வந்ததும் அடுப்படிப் பக்கம் திரும்பி, "முப்பத்தொம்பது! ஆறு சஹனும் மூணு பேரும்!" என்று குரல் கொடுக்கிறார்.

சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் அகன்ற தட்டம். சாய்ந்தமருதில் கல்யாணமோ கந்தூரியோ, பெண்கள் பக்கம் ஆட்களைப் பந்தியில் இருத்துவது, எல்லோருக்கும் அக்கா முறையான இந்த ராத்தாதான். மற்ற நாட்களில் மருதமுனையில் சாரம் நெய்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆட்களை எண்ணாமல் செருப்பை எண்ணுவது ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆக்கள் ஒரு இடத்துல இரிக்க மாட்டாங்க டீச்சர். செருப்பு எங்க போகப் போகுது?"

நான் தம்பிலுவில்காரி, இந்துக் குடும்பம். இங்கே ஒரு பாடசாலையில் மூன்று வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். முறைமையில்லாப் பின்னத்தைக் கலப்பெண்ணாக மாற்றும் பாடத்தில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். முப்பத்தொன்பதின் கீழ் ஆறு என்று எழுதினால், வகுப்பில் பாதிப் பேர் 'ஆறு' என்று விடை எழுதிவிட்டுப் பென்சிலை வைத்துவிடுவார்கள். மீதி மூன்று எங்கே என்றால், "அது மிச்சம்தானே டீச்சர்" என்பார்கள். ராத்தாவின் வாயில் ஒருநாளும் மிச்சம் விடுபட்டதில்லை.

அந்த மிச்சத்தில்தான் அவருக்கு அக்கறை அதிகம். நிறைந்த சஹன்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார். கடைசிச் சஹனில் மூன்று பேரோ இரண்டு பேரோ இருந்தால் அங்கேயே நிற்பார்; தண்ணீர் முதலில் அங்கேதான் போகும். பேச்சு கொஞ்சம் காரம். பிந்தி வருகிறவர்களிடம், "மாப்பிள்ளையே வந்துட்டார், ஒங்களத்தான் காணல்ல" என்பார்.

எனக்கு ஒரு குறை இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய், மேசை போட்டு, விசிறியைத் திருப்பிவிட்டு, தனிப் பிளேட்டும் கரண்டியும் வைப்பார்கள். மரியாதைதான். வெளியே பாயில் எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிடும் சத்தம் கேட்கும். இவர்களோடு இன்னும் எத்தனை வருடம் வேலை செய்தாலும் நான் விருந்தாளியாகவே இருந்துவிடுவேனோ என்ற பயம் அந்த அறையில்தான் வரும்.

போன மாதம் என்னோடு படிப்பிக்கும் அப்னாவின் தம்பிக்குக் கல்யாணம். ராத்தா செருப்பை எண்ணி முடித்து, "நாப்பத்திமூணு. ஏழு சஹனும் ஒராளும்" என்றார். எல்லோரும் ஆறாறு பேராகப் பாயில் இருந்தார்கள். மிஞ்சி நின்றவள் நான்.

"டீச்சருக்கு உள்ளுக்கு மேசை போட்டிரிக்கி ராத்தா. பிளேட்டுல குடுங்க" என்றாள் அப்னா.

ராத்தா என் பக்கம் திரும்பினார். "டீச்சர், ஒங்களுக்குப் பாயில இரிக்க ஏலுமா?"

"ஓம்" என்றேன். அவசரமாகச் சொல்லிவிட்டேன் போல. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"மாடு தின்ன மாட்டீங்கதானே? கோழிச் சஹன் ஒண்டு கொண்டாங்க புள்ள!" என்று அடுப்படிக்குக் கத்தினார். பிறகு நிறைந்த சஹன்களில் ஒன்றிலிருந்து அப்னாவின் மாமியையும், இன்னொன்றிலிருந்து அவளுடைய தங்கச்சியையும் கையைப் பிடித்து எழுப்பினார்.

"எங்கட சஹன்ல அஞ்சு பேராப் போச்சே" என்று ஒருத்தி முனகினாள்.

"அஞ்சு பேருக்குச் சோறு கூடும். தனியாளுக்குச் சோறு எறங்காது" என்றார் ராத்தா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புரியாணி ஆவி என்று சமாளித்தேன்.

மூன்று பேரானோம். பந்தி முடியுமட்டும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ராத்தா, அன்று கையைக் கழுவிக்கொண்டு நாலாவதாக எனக்கு எதிரே சப்பணமிட்டார். பிஸ்மி சொன்னார். நடுவில் இருந்த கோழித் தொடையை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியைச் சோற்றோடு என் பக்கம் தள்ளிவிட்டு, நான் நிமிர்வதற்குள் தலையைக் குனிந்து தன் பக்கத்துச் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.