கையெழுத்துப் போட வந்த தங்கை

என் கணவரை மாடியிலிருந்து கீழே இறக்க இரண்டு ஆள் வேண்டும். நாற்காலியோடு சேர்த்துத் தூக்கித்தான் இறக்க வேண்டும். சர்க்கரை வியாதியால் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் வேன் ஓட்டியவர். ஒரு நாள் முழுதாக வீட்டில் இருந்தறியாதவர். அப்படிப்பட்டவர் எட்டு மாதமாகத் திருக்கோகர்ணத்தில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்தான் அவர் தெருவைப் பார்க்கிற நாள்.

என் பெயர் செல்வி. கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்க்கிறேன். போன வருடம் சித்திரைக் கடைசியில் வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க நர்ஸம்மா. வீட்ட விக்கப் போறோம். ஆவணிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றார். அவர் இறங்கிப் போன பிறகு என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த முறை வாடகைக்குப் போவதில்லை, தரைமட்டத்தில் சின்னதாக ஒரு வீடு, அது நம்முடையதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கீரமங்கலம் பக்கம் என் கணவர் பங்குக்கு வந்த தென்னந்தோப்பை விற்றோம். அவசரத்தில் முதலில் வந்து கேட்டவருக்கே கொடுத்தோம். அடுத்த மாதம் எங்கள் தோப்பை ஒட்டியிருந்தவர், நாலு பேருக்குக் காட்டி, காகிதங்களையெல்லாம் முன்கூட்டியே சரிபண்ணி வைத்துக்கொண்டு, எங்களைவிட நல்ல விலைக்கு விற்றார். விற்பவருக்கும் பொறுமை வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மீதிக்கு வங்கியில் கடன் கேட்டிருந்தேன்.

இப்போது புதுக்கோட்டையில் வீடு வாங்குவது எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் பார்த்த வீடு சாயங்காலம் இருக்காது. முதல் வீட்டில், "எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனால் வேறொருவர் பூட்டுப் போட்டிருந்தார். இரண்டாவது வீட்டுக்கு வங்கிக் காகிதம் வர நாலு நாள் தாமதம். அதுவும் போனது. மூன்றாவது வீட்டில் வாக்குக் கொடுத்தவரே, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கூடுதல் விலை கொடுத்ததும் போனை எடுக்காமல் விட்டார். ஒவ்வொரு தடவையும் நான் மாடியேறி வரும்போது என் கணவர் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு எதுவும் கேட்க மாட்டார். அவர் கேட்காததுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஆனி மாதம் பாதியில் புரோக்கர் செல்லையா போன் செய்தார். "அக்கா, ஒடனே வாங்க. நீங்க கேட்ட மாதிரியே ஒரு வீடு. படியே கெடையாது."

உண்மையாகவே படி இல்லை. வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே சமதளம். முன்னால் வேப்பமரம். தெருவில் டீக்கடை, நாலு வீடு தள்ளி மெடிக்கல். உள்ளே நின்றபோது சக்கர நாற்காலி இந்த அறைக்குள் திரும்புமா என்று கையை விரித்து அளந்து பார்த்தேன். திரும்பும். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் பரமசிவம் ஐயா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி இல்லை. மகனோடு கோயம்புத்தூரில் போய் இருக்கப் போவதாகச் சொன்னார்.

செல்லையா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "திருச்சி பார்ட்டி ஒண்ணு ஆறு மணிக்கு வருது அக்கா. முழுசா ரொக்கம். ஆடி பொறக்குறதுக்குள்ள பத்திரம் முடிக்கணுமாம். நீங்க அஞ்சரைக்குள்ள அட்வான்ஸ் குடுத்தா ஒங்களுக்கு. இல்லேன்னா என்னைய சொல்லாதீங்க."

அப்போது மணி மூன்றரை. காகித நகலை வாங்கிப் பார்த்தேன். பட்டா பரமசிவம் ஐயாவின் அப்பா பேரிலேயே இருந்தது. "அது அப்பறமா மாத்திக்கலாம் அக்கா. அவரு ஒருத்தர்தான் வாரிசு" என்றார் செல்லையா. எனக்குத் தெரிந்த வக்கீலுக்குப் போன் செய்தேன். அவர் மதுரையில் கோர்ட்டில் இருந்தார், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்துக்கொண்டேன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். எங்கே போகணும் என்று ஆட்டோக்காரர் கேட்டார். பரமசிவம் ஐயா வீட்டு முகவரியைச் சொல்ல வாயெடுத்தவள், கோயிலுக்குப் போங்க என்று சொல்லிவிட்டேன்.

பிரகதாம்பாள் சந்நிதி அப்போதுதான் திறந்திருந்தது. கூட்டமில்லை. எனக்கு மந்திரம் எதுவும் வரவில்லை. "தாயே, எனக்குப் பயமா இருக்கு. குடுத்தா ஏமாந்துருவேனோன்னு பயம். குடுக்காட்டா இதுவும் போயிருமேன்னு பயம். நான் என்ன செய்யணும்னு நீ சொல்லு" என்று அழுதேன். குருக்கள் குங்குமம் கொடுத்தார். அவ்வளவுதான். அசரீரி கேட்கவில்லை, பூ விழவில்லை. ஆனால் வெளியே வரும்போது ஒரு கேள்வி மட்டும் என் மனதில் நின்றது. நான் வேலைக்குப் போகும் ஊர்களில் எந்த வீட்டில் பதிவேடு எழுத உட்கார்ந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அது. இந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள்?

ஐந்து மணிக்குப் பரமசிவம் ஐயா முன்னால் உட்கார்ந்தேன். செல்லையா பேனாவோடு நின்றார். நான் பையைத் திறக்கவில்லை.

"ஐயா, ஒங்க அப்பாவுக்கு நீங்க ஒரே பிள்ளையா?"

செல்லையா குறுக்கே வந்தார். "அதான் சொன்னேன்லக்கா."

"இல்லண்ணே. அவரு சொல்லட்டும்."

பரமசிவம் ஐயா செல்லையாவைக் கையமர்த்தினார். பிறகு சொன்னார். "எந்தங்கச்சி ஒருத்தி இருக்கா நர்ஸம்மா. முத்துலட்சுமி. கோட்டைப்பட்டினத்துல கடல் தொழிலுக்குப் போற பையனக் கட்டிக்கிட்டு, எங்க பேச்ச மீறிப் போயிட்டா. இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. அப்பா செத்ததுக்குக்கூட நாந்தான் அவள உள்ள விடல." குரல் உடைந்தது. "வீட்டப் பாக்க நாலு பேரு வந்தாங்க. தண்ணி வருமா, ரோடு எத்தன அடின்னு கேட்டாங்க. எந்தங்கச்சிய ஒருத்தரும் கேக்கல."

உயில் எதுவும் இல்லை என்றார். அப்படியானால் வீட்டில் பாதி அந்தத் தங்கையுடையது. அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் நாளைக்கு நாங்கள்தான் கோர்ட் வாசலில் நிற்போம். எழுந்துபோய்விடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அந்தச் சமதளமான தரையை விட்டு எழுந்திருக்க என் கால் வரவில்லை.

"அவங்க சம்மதிச்சா நான் வாங்கிக்கிறேன் ஐயா. எனக்கு ஒரு வாரம் குடுங்க."

"திருச்சிக்காரங்கள வெள்ளிக்கெழம வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்" என்றார். "அவள்ட்ட பேச எனக்கு மொகம் இல்ல. நீங்க வேணா பாருங்க." செல்லையா கோபத்தில் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

கோட்டைப்பட்டினம் பக்கம் வேலை பார்க்கும் என் செவிலியர் தோழி ஒருத்தியிடம் சொன்னேன். முத்துலட்சுமி இருக்குமிடத்தை ஒரே நாளில் விசாரித்துச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டு, அறந்தாங்கியில் பஸ் மாறி, கோட்டைப்பட்டினம் போனேன். முத்துலட்சுமி, வலைக்கு நூலும் மிதவையும் விற்கும் சின்னக் கடையில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அண்ணன் ஜாடை அப்படியே இருந்தது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் நூற்கண்டைக் கீழே வைத்தார்.

"எங்கண்ணன் ஒங்கள அனுப்பிச்சாரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லக்கா. நானாத்தான் வந்தேன்."

"அப்பச் சரி. மோரு குடிச்சுட்டுக் கெளம்புங்க."

மோரைக் கொடுத்துவிட்டு மறுபடி நூற்கண்டை எடுத்துக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு பொய் சொல்லத் தெரியாமல் என் கணவருக்குக் கிடைக்க இருந்த வீட்டைக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன். மாடியேறி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "விடு செல்வி. எனக்கு இந்தச் சன்னலே போதும்" என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னது எனக்குக் கத்தி மாதிரி இறங்கியது.

வியாழக்கிழமை பரமசிவம் ஐயாவிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "நீங்க அனுப்புனீங்களான்னுதான் மொதல்ல கேட்டாங்க ஐயா." அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. போன் செய்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பத்து மணிக்குச் செல்லையா கூப்பிட்டார். "வீடு பூட்டிக் கெடக்கு அக்கா. திருச்சி பார்ட்டியும் போன எடுக்கல. ரெண்டு பேரும் பத்திர ஆபீஸுக்குத்தான் போயிருப்பாங்க. நான் அப்பவே சொன்னேன், நீங்க கேக்கல."

அன்றைக்கு முகாமில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும்போது, ஊசி போட்ட குழந்தையையே மறுபடி கூப்பிட்டேன். பக்கத்திலிருந்த அங்கன்வாடி டீச்சர் ஊசியை வாங்கி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். சாயங்காலம் நேராகக் கோயிலுக்குப் போனேன். அன்று நான் கேட்டது வேறு. "தாயே, எனக்கு வீடு இல்லேன்னா போகுது. அந்தம்மாவோட பங்க யாரும் பறிச்சுறக் கூடாது. ஒரு தடவ அண்ணன் வீட்டு வாசல்ல அவமானப்பட்டவங்க." கேட்டு முடித்தபோதுதான், பல வாரங்களுக்குப் பிறகு என் மூச்சு சீராக வந்ததை உணர்ந்தேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடேயே நிற்க முடிந்தது.

வீட்டுக்கு வந்தேன். விளக்கேற்றும் நேரம். மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம். கதவைத் திறந்தால் பரமசிவம் ஐயா. அவருக்குப் பின்னால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முத்துலட்சுமி.

விடியற்காலை முதல் பஸ்ஸிலேயே பரமசிவம் ஐயா கோட்டைப்பட்டினம் போயிருக்கிறார். போனில் சார்ஜ் இல்லை. தங்கையின் கடைவாசலில் போய் நின்று, "நாந்தான் வந்துருக்கேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

முத்துலட்சுமி என் கணவருக்கு எதிரில் உட்கார்ந்தார். "நேராச் சொல்லிருறேன். விக்கச் சம்மதந்தான், ஆனா எம்பங்குப் பணம் எனக்கு வேணும். சும்மா விட்டுக்குடுக்க மாட்டேன். அது எங்கப்பன் எனக்கு வச்சது." பரமசிவம் ஐயா, "குடுக்குறேம்மா, குடுக்குறேன்" என்று தலையாட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு ஒரு பொய் சொல்லிருந்தீங்கன்னா அப்பவே கூட வந்து கையெழுத்துப் போட்டுருப்பேன் நர்ஸம்மா. அவரு அனுப்பலன்னு அப்பறமாத் தெரிஞ்சுருந்தா, செத்தாலும் எங்கண்ணன் மொகத்துல முழிச்சிருக்க மாட்டேன்."

தொலைந்த பொருளைத் திருப்பித் தருபவள் என்று எங்கள் அம்பாளைச் சொல்வார்கள். நான் அவளிடம் வீடு கேட்டேன். அவள் முதலில் ஒரு அண்ணனுக்குத் தங்கையைத் திருப்பிக் கொடுத்தாள். வாரிசுச் சான்றில் இரண்டு பேர் பெயரும் வந்து, பட்டா மாறி, வக்கீல் பார்த்து, வங்கி பார்த்து, எல்லாம் முடிய ஆவணி ஆகிவிட்டது. திருச்சிக்காரர்கள் ஆடிக்கு முன் முடியாது என்றதும் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். ஆவணியில் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள்.

குடிவந்து நாலாம் நாள் வேலை முடிந்து வந்தேன். வீடு பூட்டியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆஸ்பத்திரியோ, என்னவோ என்று தெருவில் ஓடினேன். டீக்கடை வாசலில் சக்கர நாற்காலி. என் கணவர் கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு ஒரு லாரி டிரைவருக்கு விராலிமலைக்குக் குறுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வந்துட்டியா? நா இன்னுங் கொஞ்ச நேரங் கழிச்சு வாரேன்" என்றார். நான் அங்கேயே நின்று அழுதேன். எல்லாரும் பார்த்தார்கள். வெட்கமாக இல்லை.

இப்போது நான் போகிற ஊர்களில் வீடு, மனை வாங்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் தடுப்பூசி பற்றிச் சொல்வதுபோல இதையும் சொல்கிறேன். பட்டா யார் பெயரில் இருக்கிறது பாருங்கள். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள், பெண்பிள்ளைகளைச் சேர்த்துக் கேளுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். விற்கிறவரானால் உங்கள் கூடப்பிறந்தவர்களிடம் முதலில் பேசுங்கள், புரோக்கரிடம் பிறகு பேசலாம். இன்றைக்கு ஆறு மணிக்குள் என்று யாராவது விரட்டினால், அந்த ஆறு மணியைப் போக விடுங்கள்.

அம்பாளின் பிள்ளைகளே, கையில் பணமும் நெஞ்சில் படபடப்புமாக இந்த நிமிடம் எங்கேயோ நிற்கிற ஒருவர் இதைப் படிக்கலாம். உங்களுக்குத்தான் இதை எழுதினேன். எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்களோ, அந்தச் சாமி முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கேட்க வேண்டியது தோன்றும். தோன்றியதைக் கேட்டுவிடுங்கள், வீடே போனாலும் கேட்டுவிடுங்கள். எனக்கு வழி காட்டியவள் உங்களைத் தெருவில் விட மாட்டாள்.