வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது

கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் பழைய கம்ப்யூட்டர்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். எங்கள் பக்கத்து யூனிட்காரரின் மகள் அங்கே படித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, உங்ககிட்ட இருக்கற பழைய கம்ப்யூட்டரை ஒரு நாளைக்குக் குடுங்க. அந்த மாடல் இப்ப எங்கயுமே இல்லீங்க" என்றாள். என்னைவிட என் கணவருக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

காதர்பேட்டை பனியன் சந்தைக்குப் பின்னால் எங்களுக்குச் சின்னதாக ஒரு எம்ப்ராய்டரி யூனிட் இருந்தது. பனியன்களில் பூவும் பொம்மையும் போட்டுக் கொடுப்போம். மெஷினுக்கு டிசைன் அனுப்புவது அந்தக் கம்ப்யூட்டர்தான். பச்சை எழுத்துத் திரை, கனத்த இரும்புப் பெட்டி. டிசைன் போடும் மென்பொருள் அதில் மட்டுமே ஓடும். புதிய கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்து ஏமாந்திருக்கிறோம். பஞ்சுத் தூசி உள்ளே போய் ஒருநாள் அது புகைந்து நின்றபோது, இதைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டார். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன்.

கருகிய பவர் சப்ளையை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தினேன். பக்கவாட்டில் வட்டமாகத் துளை அறுத்து ஃபேன் வைத்தேன். தூசி போகாமலிருக்க அதன்மேல் பனியன் துணியை இழுத்துக் கட்டினேன். பழைய சிவப்பு சுவிட்ச் உடைந்து போயிருந்தது. வீட்டுச் சுவரில் வைக்கிற சுவிட்ச் ஒன்றைப் பின்பக்கம் போட்டேன். சிவப்பு சுவிட்ச் சும்மா பேருக்கு இருந்தது. அப்படியே பல வருஷம் ஓடியது. எங்களுக்குச் சோறு போட்டது.

கண்காட்சியில் எங்கள் மேசைக்கு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற இன்ஜினியர், பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரிக்கிறவர் என்று அந்தப் பெண் சொன்னாள். ஆசையாக வந்தவரின் முகம், பெட்டியைத் திருப்பிப் பார்த்ததும் மாறியது. அறுத்த துளையின் ஓரத்தை விரலால் தடவினார்.

"அடடா. அருமையான பீசுங்க. யாரோ கெடுத்துப்போட்டாங்க. இப்படிக் கையை வெச்சா அப்புறம் இதுக்கு என்னங்க மதிப்பு? யாரு பண்ணுனது?"

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "தெரியலீங்க. நாங்க செகண்ட் ஹேண்டுல வாங்குனதுங்க. வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தத் துளை நான் ரம்பத்தால் அறுத்தது. ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. யூனிட்டில் இருந்த நாளெல்லாம் அது கண்ணில் படவே இல்லை. இப்போது சுற்றி நின்ற எல்லோரும் அதையே பார்ப்பதுபோல் இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கணவருக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

மத்தியானம் மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். எந்தக் கம்ப்யூட்டராவது ஓடுமா என்று கேட்டார்கள். பெரியவர் எங்களுடையதன் சிவப்பு சுவிட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் போட்டார். வயரை அசைத்தார். "பாருங்க தம்பி, கண்டபடி மாத்துனா இப்படித்தான் செத்துப்போகும்" என்றார் மாணவர்களிடம்.

பின்பக்கத்து சுவிட்சைத் தட்டினால் போதும். அதை நான் சொன்னால் என் கணவர் பொய் சொன்னது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்றுதான் அந்தப் பார்வை சொன்னது. ஆனால் "செத்துப்போகும்" என்ற சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை. முன்னால் போய்க் கையைப் பின்னால் விட்டுத் தட்டினேன். ஃபேன் சுற்றியது. திரையில் பச்சை எழுத்துகள் ஏறின. பையன்கள் கை தட்டினார்கள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் பெரியவர்.

"நான் வெச்ச சுவிட்சுங்க. எல்லாமே நான் பண்ணுனதுதானுங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். என் கணவர் குனிந்து, கழன்றே இல்லாத செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஜெயித்ததுபோல் எனக்கு இருக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் கட்டின புருஷனின் வேட்டியை இழுத்துவிட்டதுபோல் இருந்தது.

பெரியவர் கோபிக்கவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்: "பிழைப்புக்குப் பண்ணுனீங்க, அதைத் தப்புன்னு சொல்லலீங்க. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். ஆனா கழட்டுனதை என்ன பண்ணுனீங்க?"

"பழைய இரும்புக் கடைக்குப் போட்டுட்டேங்க."

"அதுதாம்மா எனக்கு வருத்தம். அதையும் ஒரு பெட்டியில போட்டு வெச்சிருந்தா, இது எப்படிப் பொறந்துச்சு, எப்படி வாழ்ந்துச்சு ரெண்டுமே தெரிஞ்சிருக்கும்."

வைத்திருக்கலாம். பரண்மேல் இடம் இருந்தது. அது ஒரு சரித்திரம் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றியது?

திரும்பும்போது கம்ப்யூட்டரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். கருமத்தம்பட்டி தாண்டியதும் நானே கேட்டேன்.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"உனக்குக் கெட்ட பேரு வந்துரும்னுதான்."

"எனக்கா, உங்களுக்கா?"

"எனக்குத்தான் புள்ள" என்றார் ரோட்டைப் பார்த்தபடி. "அத்தனை படிச்சவிங்க முன்னால, ஊட்டுல சொந்தமா அறுத்துக் கட்டுன சாமான்னு சொல்ல வெக்கமாப் போச்சு. ஆனா நீ அத்தனை பேரு முன்னாலயா சொல்லோணும்?"

அவர் கேட்டதும் நியாயம்தான்.

சில மாதம் கழித்து அந்தப் பெரியவரே போன் செய்து, மாற்றியது மாற்றியபடியே கம்ப்யூட்டரைத் தன் சேகரிப்பில் வைத்துக்கொள்ளத் தர முடியுமா என்று கேட்டார். அதற்குள் நாங்கள் அந்தக் கம்ப்யூட்டர் தேவைப்படாத புது மெஷினுக்கு மாறியிருந்தோம். கொடுத்துவிட்டோம். அவர் எடுக்க வந்த அன்று, என் கணவர் அவரை உட்கார வைத்து, எது எது என் கைவேலை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். "இதுவும் அவதானுங்க, இதுவும் அவதானுங்க" என்று கொஞ்சம் அதிகமாகவே சொன்னார். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. காபி போடுகிறேன் என்று உள்ளே போய், பால் பொங்கி அடங்கிய பிறகும் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.