மாமா எழுதிய கெட்டவன்

என் மாமா வாழ்நாளில் ஒரே ஒரு நாடகம்தான் எழுதினார். அதுவும் முடிவுவரை நடக்கவில்லை. முடிய விடாமல் செய்தது என் அம்மா. அப்போது எனக்கு ஒன்பது வயது. மும்பை தாராவியில் எங்கள் ஊர்க்காரர்களின் சங்கம் நடத்திய ஆண்டு விழாவில் அது நடந்தது.

தாராவியில் அப்போது ஊருக்கு ஒரு சங்கம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் நாற்பது வீடுள்ள ஒரு கிராமம் என்றால், இங்கே அதன் பெயரில் ஒரு சங்கம், ஒரு தலைவர், தலைவரைப் பிடிக்காத ஒரு செயலாளர் எல்லாம் உண்டு. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹால் எடுத்து விழா நடத்துவார்கள். காலையில் கோலப்போட்டி, லெமன் ஸ்பூன். மத்தியானம் சாப்பாடு. அது முடிந்து மூன்று மணிக்கு நாடகம். அதே ஹாலில் ஏழு மணிக்கு யார் வீட்டுக் கல்யாண ரிசப்ஷனாவது இருக்கும் என்பதால், ஆறு மணிக்குள் நாடகத்தில் சாக வேண்டியவர்கள் செத்து, திருந்த வேண்டியவர்கள் திருந்தி, மேடையைக் காலி செய்துவிட வேண்டும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பி.காம். முடித்தவர். அந்த வருஷம்தான் அவருக்கு வாஷி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. வாஷியிலேயே இரண்டு அறை வீடு ஒன்றையும் பேசி வைத்திருந்தார். நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரும், கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே. அக்காளையும் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. அம்மா அசைய மறுத்தாள்.

காரணம் அப்பா. எனக்கு நாலு வயதாக இருந்தபோது போனவர் அவர். சூரத்தில் வேலை பார்க்கிறார், லீவு கொடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். சூரத் என்பது லோக்கல் ரயில் நின்றுவிடுகிற விராரையும் தாண்டி ரயில் போகிற இடம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ரயில் போகிற இடம் என்றால் திரும்பி வரவும் செய்யும் என்று நம்பிக்கையோடு இருந்தேன். நிஜம் எங்கள் சந்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குடித்தார், கை நீட்டினார், ஒரு நாள் காலையில் அம்மாவின் சங்கிலியை எடுத்துக்கொண்டு "இந்தா வாரேன்" என்று போனார். வரவில்லை. அவருடைய பழைய செல் நம்பருக்கு அம்மா எப்போதாவது அடித்துப் பார்ப்பாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் இந்தியில் சொல்வாள். அம்மா அதை முழுசும் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

"அவுகளுக்கு இந்த வீடு ஒண்ணுதான் தெரியும்," என்பாள் மாமாவிடம். "நாம பாட்டுக்கு வாஷிக்குப் போயிட்டா, வந்து எங்கன்னு தேடுவாவ?"

"வருவான்னு நீதான சொல்லுத. அவன் சொல்லலியே," என்பார் மாமா.

கெஞ்சினார். சண்டை போட்டார். சங்கத் தலைவரைக் கூட்டி வந்து புத்தி சொல்லச் சொன்னார். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் வீட்டு அம்மி நகர்வதாகத் தெரியவில்லை. கடைசியில்தான் அவருக்கு நாடகம் என்ற யோசனை வந்தது.

அதாவது அப்பாவை அப்படியே மேடையில் ஏற்றிவிடுவது. பெயரை மட்டும் ராசப்பன் என்று மாற்றிக்கொள்வது. குடிகாரன், பொய்யன், பெண்டாட்டியின் கழுத்தில் கிடந்ததைத் திருடியவன். கடைசிக் காட்சியில் நோயோடு திரும்பி வந்து மச்சினன் வீட்டு வாசலில் விழுந்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, ஒருவரும் கொடுக்காமல் சாவான். ஊரே காறித் துப்புவதை அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் அந்த ஆள்மேல் இருக்கிற ஆசை விட்டுப்போகும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டெம்போவில் சாமான் ஏற்றிவிடலாம் என்று மாமா நினைத்தார். ராசப்பன் யார் என்பது பெரியவர்களில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்குத்தான் தெரியாது, எனக்கும் சேர்த்து.

ராசப்பனாக நடிக்க ஆள் கிடைக்கவில்லை. எல்லாம் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற பையன்கள். ஊர் முன்னால் திட்டு வாங்க யாருக்கு மனசு வரும்? மாமாவே அந்த வேஷத்தைப் போட்டார். மனைவியாக ஒரு டெய்லர் அண்ணன், மீசையை எடுத்துவிட்டு. பட்டறையில் மெஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை நடந்தது. தோல் வெட்டுகிற மேசைமேல் உட்கார்ந்து நானும் பார்ப்பேன். கடைசிக் காட்சி வந்ததும் மட்டும் என்னை டீ வாங்கிவர அனுப்பிவிடுவார்கள்.

பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று வேடிக்கையாக இருந்தது. நாடகத்தில் நல்லவர்கள் எல்லாரும் பாடப்புத்தகம் மாதிரிப் பேசினார்கள். "நாதா, அபலையைத் தவிக்கவிட்டுச் செல்லாதீர்கள்" என்று டெய்லர் அண்ணன் அழுவார். மச்சினன் ஒரு பழமொழி சொல்லாமல் கதவைக்கூடத் திறக்கமாட்டான். ராசப்பன் ஒருவன்தான் எங்கள் சந்தில் பேசுகிற மாதிரி பேசினான். சட்டையைக் கழற்றினால் ஆணியில் மாட்டுவதற்கு முன் ஒரு தரம் உதறினான். பொய் சொல்லும்போது இடது காது மடலைத் தேய்த்தான். அடித்த மறுநாள் காலையில், ஒரு வார்த்தை பேசாமல், சூடான வடாபாவைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து பெண்டாட்டியின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான்.

மாமா பாவம், ஊர் வெறுக்க வேண்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதினார். ஆனால் ஒருவனை ஒழுங்காக வெறுப்பதற்கே அவனை நன்றாக உற்றுப் பார்த்திருக்க வேண்டும். என் அப்பாவோடு ஒரே அறையில் ஆறு வருஷம் படுத்து எழுந்தவர் மாமா. ஒன்றையும் அவர் மறக்கவில்லை. நல்லவர்களை மனசில் இருந்து செய்தார். கெட்டவனை மட்டும் கண்ணால் பார்த்து எழுதினார். கொஞ்சம் பொய்யாக எழுதியிருந்தால் நாடகம் பிழைத்திருக்கும்.

விழா அன்று முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் கர்ச்சீப்பைப் போட்டு அம்மாவுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார் மாமா. பிள்ளைகளான எங்களுக்கு மேடைக்குக் கீழே ஜமுக்காளம். வில்லனைத் திட்டுவது எங்கள் விழாவில் பார்க்க வந்தவர்களின் உரிமை. எவ்வளவு திட்டு விழுகிறதோ அவ்வளவு நல்ல நடிப்பு என்று பெயர். வயதான பெண்கள் "நீ வெளங்குவியா" என்று இருந்த இடத்திலிருந்தே சாபம் கொடுப்பார்கள். பெரிய பையன்கள் இந்தியில் திட்டுவார்கள். பிள்ளைகளுக்கும் அன்று ஒரு நாள் என்ன வார்த்தை சொன்னாலும் அடி கிடையாது.

வடாபாவ் காட்சி வந்தபோது ஹாலே சிரித்தது. அம்மாவும் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சியில் ராசப்பன் தவழ்ந்து வந்தான். முகத்தில் கரி, தலையில் பவுடர் நரை. அது மாமா என்பதே எனக்கு மறந்துவிட்டது. வாசலில் விழுந்து, "ஒரு வாய் தண்ணி" என்றான். மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராசப்பன் மனைவியைப் பார்த்து, "ஏட்டி, தண்ணி" என்றான். டெய்லர் அண்ணனும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. எழுந்து நின்று கத்தினேன்.

"குடுக்காதிய! சாவட்டும் நாய்!"

ஹால் அதிர்ந்தது. விசில் பறந்தது. அத்தனை கைதட்டலும் எனக்குத்தான். "நல்லாச் சொன்னட்டி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்குத் தலைகால் புரியவில்லை. "சாவட்டும்! சாவட்டும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு தாளம் போட்டார்கள். இன்னும் ஒரு தரம் தண்ணீர் கேட்டு ராசப்பன் சாக வேண்டும். கேட்டான். அப்போதுதான் அம்மா எழுந்தாள்.

வெளியே போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் நேராக மூலையில் குடிதண்ணீர் டிரம் வைத்திருந்த இடத்துக்குப் போனாள். டம்ளரைக் கழுவினாள். நிறைய மொண்டாள். பக்கத்துப் படியில் ஏறி, சிந்தாமல் நடந்து, மேடை நடுவில் கிடந்த ராசப்பன் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். மாமா அரைக் கண்ணைத் திறந்து, போ போ என்று கண்ணாலேயே கெஞ்சியது முன்னால் இருந்த எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. மேலே தொங்கிய மைக்கில் அம்மாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"குடிங்க," என்றாள்.

மாமாவை, அவர் பிறந்ததிலிருந்து, அவள் "ஏல" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மாமா அரைக் கண்ணை முழுசாகத் திறந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, டம்ளரை வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். குடித்தபிறகு எப்படிச் சாவது? சாக வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். யாரோ சிரிக்க, அதைப் பார்த்து இன்னொருவர் சிரிக்க, ஹாலே கவிழ்ந்துபோனது. டெய்லர் அண்ணன் இடுப்பில் கைவைத்து, "கதையையே மாத்திட்டாவளே!" என்றார் சொந்தக் குரலில். திரையை இழுத்துவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் நான் ஓடிப்போனபோது மாமா கரி முகத்தோடு அழுதுகொண்டிருந்தார்.

"ஊரு பூரா சிரிக்கு. ஒனக்காவத்தானக்கா எழுதுனேன். அவன் எப்பேர்ப்பட்டவன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல," என்றாள் அம்மா. "நீ எழுதுனதுல ஒண்ணுகூடப் பொய்யில்ல."

"பெறவு?"

"பெறவு என்னத்த. தாகம்னு கேட்டாவ. எந்திரிச்சிட்டேன்."

மாமா சட்டைக் கையால் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதம் தனியாகத்தான் வாஷிக்குப் போனார். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார். வாஷி என்ற பேச்சை மட்டும் எடுக்கமாட்டார். நாங்கள் அதே மாடி அறையில் இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தோம். நான் வேலைக்குப் போய், அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, இனி மாடிப்படி ஏற முடியாது என்று ஆனபிறகுதான் காலி செய்தோம். வரும்போது பக்கத்து வீட்டிலும் இட்லிக்காரரிடமும் சலூனிலும் புது விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பா இன்றுவரை வரவில்லை.

ராசப்பன் யார் என்று எனக்குத் தெரிந்தது பதினாலாவது வயதில், குழாயடிச் சண்டை ஒன்றில் பக்கத்து வீட்டு அக்கா போட்டு உடைத்தபோது. அப்பாவின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டில் இருக்கிற ஒரே கல்யாண போட்டோவில் அவர் யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு என்று இருக்கிற அப்பா ராசப்பன்தான். சட்டையை உதறுகிறவர், வடாபாவ் வாங்கி வருகிறவர். அந்த நாடகத்தில் பழமொழி சொன்ன மச்சினனும் கதறி அழுத மனைவியும் எனக்கு ஒரு வரிகூட நினைவில்லை. நல்லவர்கள் செத்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடிகிறது. அந்தக் கெட்டவனின் தாகம் மட்டும் இத்தனை வருஷமாக என்னோடு கூடவே வருகிறது. லோக்கல் ரயிலில் யாராவது நடுத்தர வயது ஆள் காது மடலைத் தேய்த்துக்கொண்டு போனில் பேசினால், இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தரம் மாமாவிடம் அந்த நாடக நோட்டைக் கேட்டேன். கிழித்துப் போட்டுவிட்டேன் என்றார். அன்று அவரை எனக்கு அடிக்கலாம்போல இருந்தது.

இதெல்லாம் பின்னால் வந்தது. நாடகம் நடந்த அன்று சாயங்காலம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தபோது, எனக்கு அவள்மேல் கோபம்தான். ஊரே பாராட்டிய என்னைப் பற்றி அவள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கேட்டேன்.

"நான் கத்துனது ஒனக்குக் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுது."

"எல்லாரையும்விட நாந்தான் சத்தமாக் கத்துனேன்."

சந்து முனையில் திரும்பினாள்.

"ஆமாட்டி," என்றாள். "நீதான்."

என் கையை அவள் இறுக்கிப் பிடித்ததில் விரல் வலித்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை. வீடு போய்ச் சேரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.