சுவருக்குள் நான் அடைத்தது

நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன். காஞ்சிபுரத்தில் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் முனிரத்தினத்தின் சாயப்பட்டறை இருந்தது. பட்டுக்குச் சாயம் காய்ச்சும் அடுப்பின் சூடு சுவர் வழியே எங்கள் அறைக்குள் வரும். அதைத் தடுக்கச் சுவரில் மரச்சட்டம் அடித்து, ஒன்றரை அங்குல இடைவெளிக்குள் தென்னை நார்ப் பலகைகளை வைத்து, மேலே பிளைவுட் போடச் சொன்னேன்.

"அந்தாண்ட தண்ணி பொழங்குறாங்க, செவுரு ஓதம் அடிக்குது சார். மெல்லிசு பலகையா வாங்கி, பின்னால வெரல் நுழையற அளவு எடம் வுடணும்" என்றார் தச்சர்.

"எடம் விட்டா சூடு வரும்பா. நெருக்கி அடை" என்றேன்.

அறை குளிர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் என் மனைவிக்கு இருமல் வந்து, மூச்சுத்திணறலாக முற்றியது. "ரூமுல ஏதோ மக்கின வாடை அடிக்குதுங்க" என்றாள். சாயப் புகைதான் என்று முடிவு கட்டினேன். பட்டறையை மூடச் சொல்லி அதிகாரிகளுக்கு மனு எழுதித் தெருவில் கையெழுத்து வாங்கினேன். வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் போட்டார்கள். பட்டறை மூடப்பட்டது.

இருமல் நிற்கவில்லை. பிளைவுட்டைக் கழற்றினோம். பலகைகளின் பின்புறம் முழுவதும் கரும்பூஞ்சை.

பட்டறை போனபின் பக்கத்து ஊரான ஓரிக்கையில் ஒரு கிடங்கில் காவலாளியாக இருந்த முனிரத்தினத்திடம் போய்ச் சொன்னேன்.

"பூஞ்ச உங்க செவுத்துல. மனு மட்டும் எம்மேலயா சார்?" என்றார்.

மனைவிக்கு இன்றும் இன்ஹேலர் வேண்டும். இப்போது யாராவது மனு எழுதித் தரச் சொன்னால், யார்மேல் எழுதுகிறோமோ அவர் வீட்டுக்கு முதலில் போய் விசாரிக்கிறேன். முனிரத்தினத்தின் பட்டறை வாசல் எங்கள் வாசலிலிருந்து பத்தடி தூரம்தான். மனு கொடுக்குமுன் ஒருமுறைகூட நான் அங்கே போகவில்லை.