சுடாத கை

பத்து பகாட் நகரில் வாசுகி வேலை செய்த தொழிற்சாலையில், கணினியில் செருகினால் சூடாகும் குட்டித் தட்டுகளைச் செய்தார்கள். அலுவலக மேசையில் காப்பி ஆறாமலிருக்கக் கோப்பையை அதன்மேல் வைப்பார்கள். யாருக்கோ பிறந்தநாள் பரிசாகப் போகிற சாமான். ஒவ்வொரு தட்டையும் செருகி, விரலை வைத்துச் சூடு சரியா என்று பார்ப்பது வாசுகியின் வேலை. வெப்பமானி கேட்டதற்கு, விரல்தான் வேகம் என்றார் முதலாளி.

சில வருடங்களில் விரல் நுனிகள் மரத்துப்போயின. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மணிக்கட்டை வைத்துப் பார்த்துச் சமாளித்தாள்.

மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தாள். சட்டிக்கு அடியிலிருந்த வேப்பிலை பாதி வழியில் நழுவி விழுந்தது. விரல் நுனிகளில் சட்டியைத் தாங்கியபடி அவள் நடந்துகொண்டே இருந்தாள். கூட்டம் கும்பிட்டது. தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் தியாகராஜன் அவள் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டார். அம்மன் அருள் என்று அவளும் நம்பினாள். வீட்டில்தான் பார்த்தாள், விரல்களில் தோல் உரிந்து தொங்கியது.

நரம்பு செத்து வெகுநாளாகிறது, ஒருநாள் நெருப்பில் வந்ததல்ல என்றார் மருத்துவர். வேலையால் வந்தது என்று தொழிற்சாலை ஒப்புக்கொண்டால் சிகிச்சையை அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். வாசுகி தியாகராஜனிடம் போனாள்.

"தீச்சட்டி எடுத்த கைம்மா அது. ஊரே பாத்துச்சு. இப்ப கம்பெனி மேல சொன்னா எப்படிலா?"

"சுடலன்னு என் கால்ல விழுந்தீங்க அண்ணே. அன்னைக்குச் சுடாததே இந்தத் தட்டாலதான்."

"அப்படிப் பேசாதம்மா. சாமி குத்தம்."

ஒரு தொழிற்சாலை முழுவதும் ஒளிந்துகொள்ள அந்த இரண்டு சொற்கள் போதுமாயிருந்தன. காயம் கோயில் நேர்த்திக்கடனால் வந்தது என்று முடிவானது. சூடு தெரியாத விரல் பரிசோதனைக்கு உதவாது என்று வாசுகியைப் பெட்டி கட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அவள் நாற்காலிக்கு லோஷினி வந்தாள், இரண்டு பிள்ளைகளின் தாய்.

முதல் தட்டிலேயே லோஷினி கையை இழுத்து விரலை ஊதினாள். பழகிவிடும் என்று தியாகராஜன் சொல்லிவிட்டுப் போனார்.

"உங்களுக்குச் சுடவே சுடாதாமே, அக்கா?"

"சுட்டுச்சு. உனக்குச் சுடற மாதிரிதான்."

வாசுகி ஒட்டு நாடாவை எடுத்தாள். அதன் முனை விரலுக்குத் தட்டுப்படவில்லை. சுருளை விளக்கின் பக்கம் திருப்பி, கண்ணால் தேடினாள்.