சேஃப்டி சப்பாத்துக்குள் என் மெட்டி

நீலாய் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு ஜோடி சேஃப்டி சப்பாத்து கொடுத்தார்கள். முன்பக்கம் இரும்புத் தகடு வைத்தது. அதுவரை ரந்தாவ் தோட்டத்தில் செம்பனை உதிர்ப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நான். அங்கே போட்ட ரப்பர் பூட்ஸ் என் காலுக்கு இரண்டு அளவு பெரியது. உள்ளே மெட்டியும் இருக்கும், மண்ணும் இருக்கும், ஒன்றும் செய்யாது. இந்தச் சப்பாத்து அப்படியில்லை, விரலை விரலோடு வைத்து நெரித்தது. என் மெட்டியோ கல்யாணத்தில் போட்டது. மூன்று சுற்று, மேலே முத்து முத்தாகப் புடைத்த கனத்த வெள்ளி. நான்காம் நாள் காலுறையைக் கழற்றியபோது இரண்டு கால்களிலும் ரத்தம்.

எங்கள் சூப்பர்வைசர் தமிழ்ப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டாள்.

“அக்கா, அந்த மெட்டிய கழட்டி வீட்டுல வச்சிட்டு வாங்க லா. இங்க யாரு உங்க கால பாக்கப் போறா?”

“பாக்கறதுக்குப் போடலம்மா.”

“மூணு மாசம் பாத்துட்டுத்தான் பெர்மனென்ட் பண்ணுவாங்க. சப்பாத்து போட முடியாதவங்கள லைன்ல வைக்க மாட்டாங்க. அப்புறம் என்னைய திட்டக் கூடாது.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். தோட்டம் மாதிரி, மழை பெய்தால் இன்று வேலை இல்லை என்ற பேச்சே ஃபேக்டரியில் கிடையாது. மெட்டியும் வேண்டும். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவள், சாஸ்திரம் தெரியாது. புருஷன் இருக்கும்போது விரல் மூளியாக இருக்கக் கூடாது என்று மட்டும் தெரியும். வெள்ளிதோறும் மாரியம்மனிடம் போய் நிற்கிறவள், எதை வேண்டிக்கொண்டு வெறும் விரலோடு நிற்பேன்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர்.

“சாமி என்ன, உன் கால் விரல எண்ணிக்கிட்டா இருக்கு? கழட்டிப் போடு.”

“உங்களுக்காகத்தான் போட்டிருக்கேன். நீங்க சும்மா இருங்க.”

“எனக்காகத்தானே? நாந்தானே சொல்றேன்!”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், மெட்டியைக் கழற்றுவதில்லை, மாற்றிச் செய்வது என்று.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சிரம்பானில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். பின்னால் பத்தர் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்கிற கடை. அவரிடம் காலைக் காட்டியே சொன்னேன்.

“தகடு மாதிரி மெல்லிசா வேணுங்கய்யா. மேல ஒண்ணும் புடைக்கக் கூடாது. அடியில வாய் திறந்திருக்கணும், விரல் வீங்கினா விரிச்சிக்கிற மாதிரி.”

கவுன்டர் பெண் எட்டிப் பார்த்தாள். “ஆன்ட்டி, கோல்டு பிளேட்டிங் போட்டுக்கிட்டா கறுக்காது.”

பத்தர் தலை நிமிரவில்லை. “காலுக்குத் தங்கமாம். மகாலட்சுமிய மிதிக்கச் சொல்லுது பாரு இந்தப் பொண்ணு.” பிறகு என்னிடம், “ரெடிமேடா மெல்லிசு இருக்கேம்மா, இப்பவே போட்டுக்கிட்டுப் போகலாம்,” என்றார்.

“வேணாங்கய்யா. அம்மி மேல கால் வச்சுப் போட்ட வெள்ளி இது. இதையே உருக்குங்க.”

“அப்ப ஒரு வாரம் ஆகும்.”

அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். தாலியை வேறு கயிற்றில் கோக்கும்போது கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொள்வோம் இல்லையா, அதே யோசனை. மஞ்சள் தடவிய நூலை இரண்டு கால் விரலிலும் கட்டிவிட்டு, அதன் பிறகே மெட்டியை உருவிக் கொடுத்தேன். நூல் நழுவி விழுந்துவிடக் கூடாதே என்று மூன்று முடிச்சு, இறுக்கமாக.

அதுதான் நான் செய்த தப்பு. ஏற்கெனவே வீங்கிய விரல், சப்பாத்துக்குள் வேர்வை. நூல் ஊறி ஊறிச் சதைக்குள் இறங்கியது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். புதன்கிழமை நிற்க முடியவில்லை. சூப்பர்வைசர்தான் கையைப் பிடித்து ஃபேக்டரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். விரல் நாவல்பழம் போலக் கறுத்திருந்தது.

“ஆப்பா இனி, கக்கா?” என்ன இது அக்கா என்று மலாயில் பதறிய மிசி, அங்கிருந்த நர்ஸ், கத்தரிக்கோலை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“விரல் வேணுமா, நூல் வேணுமாக்கா? விடுங்க கைய!” என்று சூப்பர்வைசர் அதட்டினாள்.

விட்டேன். நூல் இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது. என் விரல் மூளி, அவரோ லோரியோடு ரோட்டில். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

“எங்க இருக்கீங்க?”

“ரெம்பாவ் ரோட்டுல. ஏன்?”

“ஒண்ணுமில்ல. மெதுவா ஓட்டுங்க.”

“என்னடி திடீர்னு பாசம்? லாட்டரி கீட்டரி விழுந்துச்சா?”

அவர் குரலைக் கேட்ட பிறகுதான் மிசியிடம் மறு காலையும் நீட்டினேன். வாரக் கடைசி வரை விடுப்பு எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் சூப்பர்வைசர் சொன்னாள்: “திங்கக்கிழமை சப்பாத்து போட்டு முழு ஷிப்ட் நிக்கணும். நிக்கலன்னா லைனுக்கு ஆக மாட்டாங்கன்னு பேர எழுதிக் குடுத்துருவேன்க்கா. எனக்கும் மேல ஆள் இருக்கு.”

“நிப்பேன்.”

“மெட்டி?”

“மெட்டியோடதான் நிப்பேன்.”

வீட்டுக்கு வந்து, மருந்துக்கட்டுக்கு மேல் வேறு மஞ்சள் நூலைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டேன். ஞாயிறு காலை பத்தர் கொடுத்த மெட்டியை மாரியம்மன் பாதத்தில் வைத்து எடுத்து வந்தேன். தடவினால் கையில் எங்கும் இடறவில்லை, அவ்வளவு வழவழப்பு. மெட்டியைப் புருஷன் கையால்தான் போட வேண்டும். வீட்டில் அம்மி இல்லை. மிளகாய்ச் சம்பால் இடிக்கும் சின்னக் கல்லுரலைக் கழுவிக் கவிழ்த்து, அதன்மேல் காலை வைத்தேன்.

“அன்னிக்கு முதுகு வளைஞ்சிச்சு, இன்னிக்கு வளைய மாட்டேங்குது லா,” என்று முனகிக்கொண்டே அவர் குனிந்தார். ஆனால் புண்ணில் படாமல் மெல்ல விரித்துப் போட்டார்.

திங்கட்கிழமை முழு ஷிப்டும் நின்றேன். ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் வந்து சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். காலுறை சுத்தமாக இருந்தது. குனிந்து மெட்டியை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“வலிக்குதா?”

“பழைய புண்ணுதான் எரியுது. மெட்டி ஒண்ணும் பண்ணல.”

“நாளைக்கும் நிப்பீங்களா?”

“நாளைக்கும் நிப்பேன், மறுநாளும் நிப்பேன்.”

அடுத்த வாரத்துக்கு யார் யார் எந்த லைன் என்று எழுதும் தாள் அவள் கையில் இருந்தது. என் முன்னாலேயே அதில் என் பெயரை எழுதினாள். எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.